நேரம் தெரியாத நாற்பது குறிப்புகள்

பிறந்த நேரம் நிச்சயமாகத் தெரியாத ஒருவருடைய சாதகக் குறிப்பை வைத்துப் பலன் சொல்லக் கூடாது; பொருத்தம் பார்க்கவே கூடாது. இது மாமாவின் விதி. விலக்கு, மேன்முறையீடு, சிறப்பு அனுமதி எதுவும் அதில் கிடையாது. பிற்காலத்தில் அரசாங்க அலுவலகங்களில் விதிகளை எழுதியும், திருத்தியும், அவற்றுக்கு விளக்கம் வரைந்தும் ஓய்வுபெற்றவள் நான். இவ்வளவு ஓட்டையில்லாத விதி ஒன்றை அங்கே கண்டதில்லை. அது மீறப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு விதிமீறல் என்பதுதான் தெரியவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணின் புறநகரான டண்டினொங்கில் ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், பலகை அடித்த ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் அண்ணனான மாமா, அம்மாவின் தங்கையான சின்னம்மா. அப்பா அமெரிக்கர்களுக்குச் சொந்தமான ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரைபவர். மாமா பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். அன்றைக்கு மெல்பேர்ணில் இருந்த சொற்பத் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பவரும் அவர்தான்.

சின்னம்மா ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். முப்பதைத் தாண்டியிருந்தார். அவருடைய குறிப்பில் செவ்வாய் ஏழாமிடத்தில் இருந்தது; ஆகவே அதே செவ்வாய்க் குற்றம் உள்ள மாப்பிள்ளைதான் சரிவருவார். யாழ்ப்பாணத்திலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த குறிப்புகளை மாமாவே வரவழைத்தார், மாமாவே பார்த்தார், மாமாவே திருப்பி அனுப்பினார். தங்கையின் கலியாணத்தை நடத்திவைக்க வேண்டியவரும் அவர், தடுத்துக்கொண்டிருந்தவரும் அவர். இரண்டு கடமையையும் ஒரே நேர்மையோடு செய்துவந்தார்.

இந்த நிலையில்தான் ஓர் அமெரிக்கர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டிருந்த பொறியியலாளர், சின்னம்மாவைவிட ஓரிரு வயது மூத்தவர், தனியாள். கன்டீனில் அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டியை ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்த்தவரை அப்பா இரக்கப்பட்டு ஒரு சனிக்கிழமை மதியம் கூட்டி வந்தார். அவர் புட்டைக் கையால் குழைத்து, பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டு, தன் ஊரின் தொழில்முறை பேஸ்போல் அணியைப் பற்றிச் சொன்னார். அங்கே குளிர்காலம் முடிகிறது, புதிய பருவத்துக்கு ஆட்கள் தயாராகிறார்கள், இந்த முறையாவது அணி தேறுமா என்பதே அவருடைய கவலை.

கிரிக்கெட் தவிர வேறெதையும் மாமா விளையாட்டாக அங்கீகரித்ததில்லை. அமெரிக்கர் போன பிறகு, "பந்து நிலத்திலை குத்தவே மாட்டுதாம். அப்ப சுழல்பந்துக்காரன் என்ன செய்யிறது, வீட்டை போறதோ?" என்று கேட்டார். வழக்கு அத்துடன் முடிந்ததென்றே எல்லாரும் நினைத்தோம்.

அடுத்த சனிக்கிழமை அமெரிக்கர் ஒரு புத்தகத்தோடு வந்தார். அந்த அணி பருவத்துக்கு முன்பு வெளியிடுவது. அவருடைய தாய் அனுப்பியது. உள்ளே நாற்பது ஆட்டக்காரர். படம், உயரம், நிறை, எந்தக் கையால் எறிவார், எந்தக் கையால் அடிப்பார். மாமா மரியாதைக்காகப் புரட்டிக்கொண்டு போனார். திடீரென்று கை நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒவ்வொரு படத்தின் கீழும் பிறந்த திகதியும் பிறந்த ஊரும் இருந்தன.

"மச்சான், இஞ்சை பாரும்," என்று அப்பாவைக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. "நாப்பது பேரின்ரை குறிப்பையும் அச்சடிச்சு விட்டிருக்கிறாங்கள். நேரம் மட்டுந்தான் இல்லை."

அப்பா விஷயத்தை அமெரிக்கருக்கு விளக்கினார். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அவருடைய ஊர்ப் பத்திரிகைகள் ஒவ்வோர் ஆண்டும் கூட்டிக் கழித்து அணியை மதிப்பிட்டு, ஒவ்வோர் ஆண்டும் பிழைவிட்டுக்கொண்டிருந்தன. வேறொரு முறையை முயன்று பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

விதிதான் குறுக்கே நின்றது. நேரம் இல்லாவிட்டால் லக்கினம் இல்லை. லக்கினம் இல்லாவிட்டால் பலன் இல்லை. மாமா ஒரு கிழமை யோசித்தார். பிறகு சந்திரன் நின்ற ராசியையே லக்கினமாக வைத்துப் பார்ப்பதென்றும், வருவதைப் பலன் என்று சொல்லாமல் தற்காலிக அபிப்பிராயம் என்று சொல்வதென்றும் முடிவெடுத்தார். இந்த உத்தியைப் பின்னால் நான் பல இலாகாக்களில் சந்தித்தேன். எதிலும் இவ்வளவு மனச்சாட்சியோடு கையாளப்பட்டதில்லை.

அதன் பிறகு எங்கள் வரவேற்பறைச் சுவர் சுவராக இல்லை. பள்ளிக்கூடத்துக் கட்டத்தாளில் மாமா ஒவ்வொருவருக்கும் ஒரு சக்கரம் வரைந்து குண்டூசியால் குத்தினார். வெள்ளையர், கறுப்பர், ஸ்பானியப் பெயர்க்காரர் என்று நாற்பது பேர், ஆளுக்குப் பன்னிரண்டு வீடுகளோடு, டண்டினொங்கில் குடியேறினார்கள். நாங்கள் வந்தபோது கேட்கப்பட்ட கேள்விகள் எதுவும் அவர்களிடம் கேட்கப்படவில்லை. நான் கதிரையில் ஏறி நின்று அவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பேன். ஒரு கோளம் முழுதும் தாண்டி இருக்கும் மனிதனின் முழங்காலும் முன்கோபமும் மாமாவின் பென்சில் நுனியில் வந்து நிற்பதை நினைத்தால் கதிரையை விட்டு இறங்க மனம் வராது.

"இவர் நல்லா ஓடுவார். எந்தப் பக்கம் ஓடுறதெண்டுதான் தெரியாது," என்பார் மாமா. "இந்தாள் எங்கை போனாலும் பெரியாக்களோடை சண்டை பிடிக்கும்."

அப்பா மொழிபெயர்க்க, அமெரிக்கர் தொடையில் தட்டி ஆமோதிப்பார். பிறகு அணியின் முதன்மைப் பந்தெறிபவருடைய முறை வந்தது. ஆறரை அடி மனிதர். ஊர் முழுதும் அவரைத்தான் நம்பியிருந்தது. மாமா நெடுநேரம் பார்த்தார்.

"மூண்டிலை சனி. தோளைக் கவனமாய்ப் பாக்கச் சொல்லுங்கோ."

இரண்டு கிழமை கழித்து அமெரிக்கர் வாசல் மணியை அடிக்காமலே உள்ளே ஓடிவந்தார். தாய் அனுப்பிய பத்திரிகைத் துண்டு கையில் இருந்தது. பயிற்சியின்போது பந்தெறிபவருக்குத் தோளில் நோவு. பருவத் தொடக்கத்தில் ஆடுவது சந்தேகம். குசினிக்குள்ளிருந்து அம்மா கரண்டியோடு வந்தார். அப்பா துண்டை வாங்கி இரண்டு முறை வாசித்தார். மாமா மட்டும், பரீட்சைத் தாளில் சரியான விடையைக் கண்டவர்போலத் தலையசைத்துவிட்டுத் தேநீர் கேட்டார். பந்தெறிவதையே தொழிலாகக் கொண்டவனுக்குத் தோள் நோகும் என்று சொல்லச் சனி பகவான் வேண்டியதில்லை என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று, அந்தத் தேநீரை மாமா குடித்து முடிக்கும்வரை நான் அவருடைய முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தற்காலிக அபிப்பிராயம் இனிப் போதாது என்றாயிற்று. மாமா அந்த அணியின் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பருவம் தொடங்குமுன் இறுதி அபிப்பிராயம் வழங்கும் பொருட்டு, கீழ்க்காணும் நாற்பது பேரின் பிறந்த நேரங்களை, உள்ளூர் நேரப்படி, தயவுசெய்து அனுப்பிவைக்கவும். அமெரிக்கர் அதை அலுவலகத்தில் தட்டச்சு செய்தார். நானும் சின்னம்மாவும் ஸ்டேஷனுக்குப் போய்த் தபாலில் போட்டோம். அன்றிலிருந்து எங்கள் தபால் பெட்டி என் பொறுப்பு.

இதற்கிடையில் அமெரிக்கர் சனிக்கிழமைகளோடு ஞாயிறுகளிலும் வரத் தொடங்கியிருந்தார். அணியின் நிலைமை அவ்வளவு மோசம் என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் தோல் கையுறையும் பந்தும் கொண்டுவந்து, வளவில் எனக்கு எறிந்து காட்டினார். நான் ஒன்றையும் பிடிக்கவில்லை. உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த சின்னம்மா பந்தை எடுத்தார். ஊரில் கல்லூரி வலைப்பந்தாட்ட அணிக்குத் தலைவியாக இருந்தவர் என்று அம்மா சொல்லிக் கேட்டிருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றுதான் தெரிந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு சின்னம்மா எறிந்த பந்து அமெரிக்கரின் கையுறையில் துவக்கு வெடித்ததுபோல் விழுந்தது. அவர் கையை உதறிக்கொண்டு பந்தைப் பார்த்தார். சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு பந்தைத் திருப்பி எறிய மறந்துபோய் நின்றார்.

"நொந்து போச்சோ?" என்று சின்னம்மா தமிழிலேயே கேட்டார்.

"ஓம்," என்றார் அமெரிக்கர். அந்தத் தமிழ்ச் சொல்லை அவர் எங்கே கற்றார் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குச் சின்னம்மாவின் தோள்தான் பெரிதாகத் தெரிந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் மாமா அமெரிக்கரிடம் அவருடைய பிறந்த திகதியைக் கேட்டார். அவர் சொன்னார். ஊரைக் கேட்டார். சொன்னார். நேரத்தைக் கேட்டார். தெரியாது, பிறப்புச் சான்றிதழில் போடவில்லை, தன் அம்மாவுக்குத்தான் தெரிந்திருக்கும் என்றார். அப்படியானால் அம்மாவுக்கு எழுதுங்கள் என்றார் மாமா. அப்பா சொதிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா எழுந்து போய்விட்டார். காயப்பட்ட பந்தெறிபவருக்குப் பதிலாக அமெரிக்கரைச் சேர்க்க மாமா யோசிக்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். அவருக்கு வயிறு கொஞ்சம் வைத்திருந்ததால் எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை.

அன்று பின்னேரம் குசினியில் அம்மாவின் குரல் கேட்டது. "அண்ணை, ஊரிலை என்ன சொல்லுவினம்?"

"இஞ்சையிருந்து ஊருக்குக் கடிதம் போகவே பத்து நாள் செல்லும்," என்றார் மாமா. "சாதி, சமயம் எல்லாம் சனங்களோடை கதைச்சுத் தீர்க்கலாம். செவ்வாயோடை கதைக்கேலாது."

பருவம் தொடங்கியது. கழகத்திடமிருந்து பதில் இல்லை. பள்ளிக்கூடத்தால் வந்ததும் நேரே தபால் பெட்டிக்கு ஓடுவேன். மின்சாரப் பட்டியல், மரக்கறிக்கடைத் துண்டுப்பிரசுரம். சுவரில் நாற்பது பேரும் இறுதி அபிப்பிராயம் இல்லாமலே ஆடிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா மெலிந்துகொண்டு வந்தார். அவருக்கும் அணியின் மேல் அவ்வளவு அக்கறை இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

தாயின் கடிதம்தான் முதலில் வந்தது. அமெரிக்கர் அதைத் தொழிற்சாலையிலிருந்து நேரே கொண்டுவந்தார். அன்று செவ்வாய்க்கிழமை. நல்ல காரியம் எதையும் மாமா செவ்வாயில் தொடங்குவதில்லை. அன்று கையை நீட்டி வாங்கினார்.

மணியை நான் எங்கே பார்த்தேன், என்று தாய் எழுதியிருந்தார். ஆனால் பின்னேரம் என்பது நிச்சயம். கணவர் ஆஸ்பத்திரி விறாந்தையில் வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றார். ஊர் அணியின் ஆட்டம். தாதி வந்து பையன் பிறந்துவிட்டான் என்று சொன்னபோது ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது ஓடிக்கொண்டிருந்தது. இது மட்டும் சத்தியம். ஏனென்றால் அந்த இன்னிங்ஸைக் கேட்க விடாமல் பிறந்தவன் என்று சாகும்வரை கணவர் மகனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மாமா கட்டத்தாளை விரித்தார். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பென்சிலால் எழுதினார், அழித்தார். மூன்றரை மணிக்கு முன்பென்றால் அமெரிக்கருக்கும் செவ்வாய் ஏழில் நின்றது. அதற்குப் பின்பென்றால் லக்கினம் மாறி, செவ்வாய் ஆறுக்குப் போய், குற்றம் இல்லாத குறிப்பாகிவிடும், சின்னம்மாவுக்குப் பொருந்தாது. இது எனக்கே விளங்கியது, மாமா வாய்விட்டுக் கணக்குப் பார்ப்பவர்.

ஏழாவது இன்னிங்ஸ் எத்தனை மணிக்கு வரும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆட்டம் இரண்டு மணிக்குத் தொடங்கும் என்றார் அமெரிக்கர். பிறகு பந்தெறிபவரைப் பொறுத்தது. கெதியாக எறிபவர் என்றால் மூன்றரைக்கு முன்பே வந்துவிடும். ஆறுதலாக, நேரமெடுத்து எறிபவர் என்றால் நாலே கால்கூட ஆகும்.

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வளவில் சின்னம்மா, வேலையால் வந்த உடுப்போடு, பந்தை வேலியில் எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தார். மாமா அதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அன்றைக்கு எறிந்தவர் கெதியாக எறிபவராகத்தான் இருந்திருப்பார், இல்லையா?" என்று மாமா கேட்டார்.

மிகவும் கெதியாக எறிபவர் என்றார் அமெரிக்கர்.

தான் பிறந்த நாளன்று யார் எவ்வளவு வேகமாக எறிந்தார் என்பதுகூட இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறதே என்று நான் வாயைப் பிளந்தேன். மாமா மூன்று இருபது என்று எழுதினார். அதன் கீழே ஒரு கோடு இழுத்தார்.

சாட்சியின் வாயில் விடையை வைத்துக் கேட்கப்படும் கேள்வி எந்த விசாரணையிலும் செல்லாது. தவிர, ஆஸ்பத்திரிக்கு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தால் பதிவேட்டிலிருந்து சரியான நேரத்தை எடுத்து அனுப்பியிருப்பார்கள். நாற்பது அந்நியருடைய நேரத்தைக் கேட்டுக் கடல்தாண்டி எழுதிய மாமாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அவர் விண்ணப்பிக்கவில்லை. எனக்கு இன்றும் அவர்மேல் வியப்புத்தான். அன்று அவர் கோள்கள் நின்ற இடத்தைக் கண்டுபிடித்ததை வியந்தேன். இன்று அவர் பென்சிலைக் கீழே வைத்ததை வியக்கிறேன்.

கலியாணம் ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகை மண்டபத்தில் நடந்தது. மண்டபத்தில் எல்லாரும் சிரிக்கவும் அழவும் செய்ய, நான் மட்டும் தபாலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது கடைசியில் வந்தது. கழகத்தின் சின்னம் பொறித்த உறை. உள்ளே நாலு வரி. தங்கள் அக்கறைக்கு நன்றி. ஆட்டக்காரர்களின் பிறந்த நேரங்கள் எம்மிடம் இல்லை. ஆட்களைத் தெரிவுசெய்யும்போது நாம் அவற்றைக் கேட்பதும் இல்லை. இத்தனை மாத வேலையும் வீணாகிவிட்டதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமா வாசித்துவிட்டு, சுவரில் இருந்த நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"நேரம் பாக்காமலே ஆளை எடுக்கிறாங்கள், பிள்ளை," என்றார்.

இகழ்ச்சியாகச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு ஏன் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று திங்கட்கிழமை, சின்னம்மாவின் கலியாணத்துக்கு மறுநாள்.