வால்வுக்காரர் கேட்ட ஓட்டு

இராஜபாளையத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் குடிநீர்க் குழாயின் வால்வைத் திறந்து மூடி ஓய்வுபெற்ற தவசிமுத்து, கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். சொல்லிக்கொள்வதற்கு அவரிடம் இருந்தது அந்தப் பணி ஒன்றுதான். அதை நம்பியே குழாய்ச் சின்னத்தைக் கேட்டு வாங்கினார்.

வம்பு அங்கேதான் தொடங்கியது. வார்டில் இருப்பவை இரண்டே தெருக்கள்: மேட்டுத் தெரு, பள்ளத் தெரு. வெற்றிபெற இரண்டிலும் வாக்கு விழ வேண்டும். ஆனால், மேட்டில் தண்ணீர் ஏற வேண்டுமானால் பள்ளத்தை அடைத்தாக வேண்டும். ஆகவே, ஒரு தெருவில் அவர் பெருமையாகச் சொல்லத்தக்கது எதுவோ, அதுவே மறு தெருவில் குற்றம். "குழாய்ச் சின்னத்தை மறந்துவிடாதீர்கள்" என்பதற்கு மேல் ஒன்றும் பேசாமல் நான்கு நாள்களை ஓட்டினார்.

ஐந்தாம் நாள், மேட்டுத் தெருவில் தையல்கடை அசீனா அவருடைய பிரசார ஆட்டோவை மறித்தாள்.

"குழாய்ச் சின்னமா அண்ணாச்சி? எங்க குழாயில காத்துல்ல வருது. காத்தாடியைக் கேட்டு வாங்கியிருக்கலாம்ல?"

தெருவே சிரித்தது. தவசிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. வண்டியிலிருந்து குனிந்து அவளிடம் மட்டும் சொன்னார்:

"அப்படிச் சொல்லாத தங்கச்சி. உங்களுக்கு ஏறணும்னுதான் பதினாலு வருசமா பள்ளத்தை அரை மணி முன்னாலயே அடைச்சேன். வெளிய சொல்லிராத."

"அண்ணாச்சி, மைக்கு" என்றார் ஓட்டுநர் சோலைராஜ். அதுவும் சேர்ந்தே ஒலித்தது. மேலிருந்த கூம்பு ஒலிபெருக்கி இரகசியத்தைப் பள்ளத் தெருவின் கடைசி வீடுவரை கொண்டு சேர்த்திருந்தது.

ஐந்தே நிமிடத்தில் பள்ளத் தெரு திரண்டு வந்தது. முன்னால் மளிகைக்கடைச் சௌந்தரபாண்டியன்.

"அரை மணியா? மேட்டுக்காரவுக மோட்டார் வச்சு உறிஞ்சுதாகன்னுல்ல நாங்க இம்புட்டு நாளா சண்டை போட்டோம்?"

"திருட்டுக் கும்பல்னு ஏசுனீகளே, இப்பக் கேட்டுக்கிட்டீகளா?" என்றாள் அசீனா.

சௌந்தரபாண்டியன் தலையைச் சொறிந்தார். தோற்றோம் என்று முடிவுகட்டிய தவசிமுத்து, இனி மறைத்துப் பயனில்லையென மைக்கை உயர்த்தினார்.

"அடைச்சது நாந்தான். அடைக்கலேன்னா மேட்டுல ஒரு குடம் நிறையாது. நான் வந்தாலும் அடைக்கத்தான் சொல்லுவேன். நேரத்தை மட்டும் போர்டுல எழுதி வைப்பேன். பிடிக்கலேன்னா போடாதீக."

"எம்புட்டு நேரம்னு எழுதுவீக?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"அரை மணி."

"இருபது நிமிசம்."

"ஏறாது," என்றாள் அசீனா. "இருபத்தஞ்சு."

இருபத்தைந்தில் பேரம் படிந்தபோதுதான், இரண்டு தெருவும் தம்மை ஏற்கெனவே கவுன்சிலராக்கிவிட்டுப் பேசுகின்றன என்பது தவசிமுத்துவுக்கு உறைத்தது. அடுத்த வாரம், பதினேழு வாக்கு வித்தியாசத்தில், தேர்தல் அலுவலரும் அதை ஒப்புக்கொண்டார்.