கருப்பு அட்டை

பெரிய நிலநடுக்கம் வந்தால் எங்கள் ஆஸ்பத்திரி என்ன செய்யும் என்று ஒரு திட்டம் எழுதித் தரச் சொன்னார்கள். அவசரப் பிரிவின் தலைமைச் செவிலியர் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. டூட்டி முடிந்து கால் வீங்கிய பிறகுதான் அதற்கு உட்கார முடிந்தது. "பாண்டில பூகம்பமா சிஸ்டர்?" என்று சிரித்தவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்து, கடைசியில் நானும் சிரிக்கத் தொடங்கினேன்.

முதலில் எங்கள் ஊழியர்களில் யாரால் அன்று வேலைக்கு வந்துசேர முடியும் என்று விசாரித்தேன். பாதிப் பேர் தவளக்குப்பம் பக்கம். நடுவில் ஆற்றுப்பாலம். அது இடிந்தால் அவர்கள் அக்கரை, காயம்பட்டவர்கள் இக்கரை. "நடந்தாவது வந்துடுவேன் சிஸ்டர்" என்றாள் ஒருத்தி. அவளுக்குக் கைக்குழந்தை. பெயருக்கு எதிரே கேள்விக்குறி போட்டேன். மாலைக்குள் பட்டியல் முழுக்கக் கேள்விக்குறிகள்.

ஒத்திகையன்று வண்டி நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் விரித்தோம். காயம்பட்டவர்களாக நடிக்க மீனவர் குப்பத்திலிருந்து சிலர் வந்திருந்தார்கள். உடனே பார்க்க வேண்டியவர்களுக்குச் சிவப்பு அட்டை, காத்திருக்கக்கூடியவர்களுக்கு மஞ்சள், நடக்க முடிந்தவர்களுக்குப் பச்சை. பிழைக்க வழியில்லாதவர்களுக்குக் கருப்பு. மீன் விற்கும் ஒரு அம்மாளின் கழுத்தில் நானே கருப்பு அட்டையை மாட்டி, சுவரோரம் படுக்கவைத்துவிட்டு ஓடினேன்.

ஒரு மணி நேரம் கழித்து, தலை எண்ணும்போதுதான் அவர் நினைவு வந்தது. முகத்தில் வெயில் அடிக்க, அசையாமல் படுத்திருந்தார்.

"இன்னாம்மா, எங்கிட்ட ஒருத்தரும் வரவேயில்ல?"

"கருப்பு அட்டைன்னா நீங்க பொழைக்க மாட்டீங்கன்னு அர்த்தம்க்கா. இருக்கிற ஆளு மத்தவங்களுக்கே பத்தாது."

"செத்துட்டேனா?"

"இன்னும் இல்ல."

எழுந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சுனாமி அன்னிக்கு எங்க மாமியாரும் இப்படித்தான் ஆஸ்பத்திரி வராந்தால கெடந்தாங்க. டாக்டருங்கள தப்பு சொல்லல. ஆனா நான் கைய புடிச்சிக்கினு பக்கத்துலயே இருந்தேன். இங்க எனக்கு யாரும் இல்லியே."

அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கருப்பு அட்டைக்காரர்கள் அருகில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அன்றே திட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன். எங்கள் பிரிவின் பெரிய டாக்டர் அதை அடித்துவிட்டார். "ஆளு எங்க சிஸ்டர் இருக்கு?" அவர் கேட்டது நியாயம்தான். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தார். மூன்றாவது முறை வாதாடத் தெம்பில்லை. அந்த ஒருவர் மருத்துவம் தெரியாதவராகவும் இருக்கலாம் என்று மட்டும் சேர்த்து நீட்டினேன். அவரும் களைத்துப்போயிருந்தார். அந்த வரியை வெகுநேரம் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். யாருன்னு போடறது?"

"யாரு வராங்களோ அவங்க சார்."

கையெழுத்துப் போட்டார். கோப்பை அலமாரியில் வைத்துவிட்டுப் பிரிவுக்குத் திரும்பினேன். ரெட்டியார்பாளையத்தில் பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். வழக்கம்போல் படுக்கை எதுவும் காலியில்லை.