ராணிக்கு இரண்டு பிறந்த நாள்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண்மணியை அரை மணி நேரம் என் மேஜை முன்னால் நிற்க வைத்தேன். காரணம்? இங்கிலாந்து ராணி!

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காகக் குப்பை கொட்டுகிறவனுக்கும் லண்டன் அரண்மனைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் ராணி பிறந்த தேதி, பட்டத்துக்கு வந்த கதை, வளர்க்கிற நாய்களின் ஜாதி... எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ராணி பட்டம் ஏறி இருபத்தைந்து வருஷம் ஆகிறதல்லவா? எஸ்டேட் கிளப்பில் அதற்கொரு விருந்து. வெள்ளைக்கார துரைகள் கப்பலேறிவிட்டார்கள். விருந்து மட்டும் ஏறவில்லை. இப்போதைய மேனேஜர் கோட்டயத்துக்காரர். ஆனாலும் நாற்காலி ராசி, அவரும் துரைதான். "ராணியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வாசியுமய்யா" என்றார்.

பன்னிரண்டு பக்கம் எழுதினேன். எழுதினால் போதுமா, கேட்க ஒரு ஆள் வேண்டாமா? மாட்டினவர் பேச்சியம்மாள்.

பேச்சியம்மாள் எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். நான் டைப் அடித்து அனுப்பிய கடிதம்தான். ஐம்பத்தெட்டு வயசு முடிகிறது, மாதக் கடைசியோடு ரிட்டையர், லயத்து வீட்டைக் காலி செய்யவும். எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். புருஷன் இறந்து ஆறு வருஷம். கடைசிப் பெண் பத்தாவது படிக்கிறாள். அந்த ஒற்றை அறையை விட்டால் தாயும் மகளும் போக வேறு இடம் கிடையாது.

"கொஞ்சம் பொறும்மா" என்று சொல்லிவிட்டு என் கட்டுரையை வாசிக்க ஆரம்பித்தேன். ஆமாம், வெட்கமாகத்தான் இருக்கிறது... என்ன செய்ய?

ராணி ஆப்பிரிக்காவில் மரத்தின் மேல் கட்டிய விடுதியில் இருந்தபோது, லண்டனில் அப்பா இறந்து பட்டம் இவருக்கு வந்த கட்டம். ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

"பாவம், அப்பன் மொகத்தக் கடைசியாப் பாக்கக்கூட முடியலையா அந்தப் புள்ளைக்கு?" என்றார் பேச்சியம்மாள்.

ஆகா, என் எழுத்து வேலை செய்கிறது! உற்சாகமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"ராணிக்குப் பிறந்த நாள் ரெண்டு, தெரியுமா? பிறந்தது ஏப்ரல். அங்கே அப்போ குளிரும் தூறலும். அதனால ஊர் கூடிக் கொண்டாட ஜூன்ல இன்னொண்ணு."

"மழை பேஞ்சா பொறந்த நாளையே மாத்திருவாகளா?"

"ராணியாச்சே!"

"இப்ப எத்தன வயசு அவுகளுக்கு?"

"ஐம்பத்தொண்ணு. நம்ம தொண்ணூத்தொம்பது வெள்ளம் இருக்குல்ல? அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுப் பிறந்தவங்க."

எங்கள் மலையில் எல்லாக் கணக்கும் அந்த வெள்ளத்திலிருந்துதான். கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், அதாவது 1924-ல், ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது.

பேச்சியம்மாள் கடிதத்தை மேஜை மேல் வைத்தார்.

"நானும் அந்த வருசந்தான்யா. வெள்ளத்துல இடிஞ்ச லயத்த ரெண்டு வருசங்கழிச்சுத் திரும்பக் கட்டி, அதுல மொதப் பொறந்த புள்ள நாந்தான்னு எங்காத்தா சொல்லும். அப்ப அவுகளும் நானும் ஒரு வயசுதான? அவுகளுக்கு அம்பத்தொண்ணு, எனக்கு மட்டும் எப்பிடிய்யா அம்பத்தெட்டு?"

பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் பிரித்தேன். பேச்சியம்மாள், வயது முப்பத்தாறு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய பதிவு. அழகான கையெழுத்து. என்னுடையது!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தொழிலாளர் எல்லோருடைய வயதையும் எழுதச் சொன்னார்கள். நீண்ட வரிசை. ஒவ்வொருவரையும் கேட்டு, வெள்ளத்தைக் கணக்குப் பார்த்து எழுத நேரம் ஆகும் இல்லையா? முகத்தைப் பார்த்தே வயது சொல்லுவேன் என்று எனக்கொரு கர்வம் வேறு. பார்த்தேன், எழுதினேன், "அடுத்த ஆள்!" மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு, இடுப்பில் பிள்ளையோடு நின்ற இருபத்தொன்பது வயசுப் பெண் எனக்கு முப்பத்தாறாகத் தெரிந்திருக்கிறாள். (என் மனைவியின் வயதை இப்படி முகம் பார்த்து எழுதும் தைரியம் இன்றுவரை எனக்கு வந்ததில்லை.)

"ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எங்கய்யா கேட்டீக?"

ரிஜிஸ்டரை மூடி வைத்தேன்.

"ராணிக்கு ரெண்டு இருந்துட்டுப் போகட்டும்யா. எனக்கு இருக்கிற ஒண்ணச் சரியா எழுதிக் குடுங்க."

துரையிடம் போனேன். "ஆதாரம் எங்கே?" என்றார். வெள்ளத்தைச் சொன்னேன். ராணியையும் சொல்லப் போய் நல்லவேளை நிறுத்திக்கொண்டேன். "டாக்டர் பார்க்கட்டும். அதோடு நீர் வயது கேட்காமல் எழுதினதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளும்" என்றார்.

பன்னிரண்டு பக்கம் ராணி கதையை ஒரே மூச்சில் எழுதினவன் நான். 'நான் கேட்கவில்லை' என்ற ஒரு வரியை எழுத ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. நாலு காகிதம் கிழித்தேன். ஒன்றில் மழையைக் குற்றம் சொல்லியிருந்தேன், இன்னொன்றில் மேஜை விளக்கை.

எஸ்டேட் டாக்டர் பரிசோதித்து, ஐம்பதை ஒட்டித்தான் இருக்கும் என்று எழுதினார். வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. இன்னும் ஏழு வருஷம் வேலை. வீடு பிழைத்தது. அப்பாடா!

பேச்சியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னேன். நன்றி சொல்லுவார், நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டலாம் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"சந்தோசம்யா. அன்னைக்கி வயசெழுத எனக்குப் பின்னால நின்னவுகளையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜூன் மழை கொட்டுகிறது. தலையில் சாக்கு போட்டுக்கொண்டு முப்பது பேராவது இருக்கும். ஒருவரும் அசைவதாக இல்லை.

ராணி கட்டுரையைச் சுருட்டி டிராயருக்குள் தள்ளினேன். முதல் ஆளுக்கு நாற்காலி போட்டுவிட்டுக் கேட்டேன், "நீங்க எப்பம்மா பொறந்தீங்க?"

இருபத்திரண்டு வருஷம் லேட்!