மேல்வீட்டிலிருந்து கேட்ட பாதிப் பாட்டு

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். பரீட்சை ஹாலில் காப்பியடிக்கிற பிள்ளையை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். பதில் தெரிந்த பிள்ளை விட்டத்தைப் பார்க்கும். தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்க்கும். ரிடையரான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. காக்ஸ் டவுனில் பன்னிரண்டு வீடுகள் உள்ள எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு என்னைச் செக்ரட்டரியாகப் போட்டார்கள். முதுகுக்குப் பின்னால் 'சந்தேகப் பிராணி' என்று பேசிக்கொள்கிறார்கள். அதைக் கண்டுபிடித்ததும் நான்தான்.

போன ஜூனில் எங்களுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடிக்கு ஒருவர் குடிவந்தார். கோயம்புத்தூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. அசோசியேஷன் படிவத்தில் வேலை 'சாஃப்ட்வேர்' என்று எழுதியிருந்தார். சாமான் வந்த அன்று லிஃப்டில் அவர் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு உறை நின்றது. உள்ளே ஒரு ஆளை நிற்கவைத்து ஜிப்பை மூடிவிடலாம்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"டபுள் பாஸ் மேடம். வயலினோட பெரியண்ணன்னு வெச்சுக்கோங்க. சும்மா ஹாபி."

ஹாபி என்றால் தபால்தலை சேர்ப்பார்கள், செடி வளர்ப்பார்கள். லிஃப்டில் பாதியை அடைக்கிற ஹாபியை நான் பார்த்ததில்லை. அன்றைக்கே அந்தப் படிவத்தின் மூலையில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

தினமும் மாலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கும். கூரை வழியாக இறங்குகிற அடிக்குரல் அது. காதைவிட உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரியும். சமையலறை ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகள் மெல்ல அதிரும். சத்தத்தைக்கூடப் பொறுத்திருப்பேன். நடுவில் வந்த மௌனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கொஞ்சம் வாசிப்பார், நிறுத்துவார், மறுபடி வாசிப்பார். மேஜையில் விரலால் தட்டி எண்ணினேன். பதினாறு எண்ணிக்கை சத்தம், பதினாறு எண்ணிக்கை மௌனம். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. மறந்துபோய் நிறுத்துகிறவன் இப்படி நிறுத்த மாட்டான். அந்தப் பதினாறில் மேலே என்னதான் நடக்கிறது? பழைய டெஸ்ட் நோட்டு ஒன்றை எடுத்து, தேதி நேரத்தோடு எழுத ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. "எனக்கென்ன தெரியும், அந்த நேரத்துல நான் வாக்கிங்ல இருக்கேனே" என்பார். அவருக்குச் சர்க்கரை. ஆறே முக்காலுக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினால் எட்டு மணிக்குத்தான் திரும்புவார். அவர் மேலும் எனக்கு ஒரு கண் இருந்தது. மழை பெய்த நாளில்கூட ஷூவில் சேறு இல்லை. சட்டையில் வியர்வை இல்லை. தெருமுனை பேக்கரியில் உட்கார்ந்து, தேங்காய் வைத்த தில்குஷ் பன் தின்கிறார் என்று முடிவுகட்டி, சட்டைப் பையில் தூள் இருக்கிறதா என்று துழாவினேன். ஒன்றும் இல்லை. பேக்கரிக்காரரையே கேட்டேன். "சாரு இந்தப் பக்கமே வர்றதில்லம்மா" என்றார். இரண்டு பேரும் கூட்டு என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

நாலு மாதத்தில் நோட்டு பாதி நிரம்பியது. அந்த வீட்டின் ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார். அசோசியேஷனிலிருந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலே போதும், ஆளைக் காலி பண்ணச் சொல்லிவிடுகிறேன் என்று போனில் சொன்னார். லெட்டர் எழுதினேன். 'சத்தம் போடுகிறவர்' என்று இரண்டு இடத்தில் எழுதி, இரண்டையும் அடிக்கோடிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடும், கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கல்யாணமாகாத ஆளுக்கு இந்த ஊரில் வீடு கிடைப்பதே கஷ்டம், அதுவும் அந்த உறையோடு. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அந்த வாரம் எங்கள் லெட்டர் பாக்ஸில் ஒரு கவர் கிடந்தது. சனிக்கிழமை மாலை கச்சேரிக்கு இரண்டு இலவசப் பாஸ். கிடாரும் டபுள் பாஸும், ஜாஸ் இசை. மேல்வீட்டுக்காரரின் படம் போட்டிருந்தது.

"மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம். லஞ்சம் குடுக்கப் பாக்கறான்" என்றேன்.

"போய்த்தான் பாக்கலாமே" என்றார் வீட்டுக்காரர்.

சொந்தத் தங்கை பெண்ணின் ரிசப்ஷனுக்கே கால்வலி என்று சொன்ன மனிதர். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். ஆனால் போவதற்கு எனக்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் அசோசியேஷன் பைலா விதிப்படி வீட்டுக்குள் தொழில் செய்யக் கூடாது. மேடை ஏறி வாசிக்கிறவர் ஹாபி என்று சொல்ல முடியாதே. நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பிரேசர் டவுனில் ஒரு பழைய பங்களாவின் கூடம். மரத் தரை, அறுபது நாற்காலி இருக்கும். நாங்கள் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்தோம். கிடார் வாசித்தவர் ஒரு பெண்மணி, கண்ணாடி போட்டு, காட்டன் குர்தாவில், பாங்க் கவுன்டரில் பார்க்கிற முகம். அவர் ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே கிடாரில் மூன்று பேர் வேலை நடந்தது. கட்டைவிரல் ஒன்று சொல்கிறது, மற்ற விரல்கள் வேறொன்று சொல்கின்றன, நடுவில் உள்ளங்கை மரத்தைத் தட்டித் தாளமும் போடுகிறது. இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது, காலடியில் ரெக்கார்டு மெஷின் வைத்திருப்பார் என்று எட்டிப் பார்த்தேன். அவர் கழற்றிவைத்த செருப்புதான் இருந்தது.

அப்புறம் கண்களைக் கவனித்தேன். அந்தம்மா மேல்வீட்டுக்காரரின் இடது கையைப் பார்த்தார். சரி, காப்பி. அடுத்த நிமிஷம் இவர் அந்தம்மாவின் கையைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, குதிரை வேகத்தில் போய், மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். கூடம் கைதட்டியது. 'உருப்போட்டது' என்று நோட்டில் எழுதினேன்.

அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் என் உள்ளங்காலுக்கு அது தெரிந்துவிட்டது. எங்கள் கூரையிலிருந்து இறங்குகிற அதே பாட்டு. பதினாறு எண்ணினேன். வழக்கம்போல் நிறுத்தினார். மௌனத்துக்காகக் காத்திருந்தேன். அந்த இடத்தில் கிடார் பேசியது. இவர் கேட்டதற்குப் பதில் சொல்வது போல, அதே பதினாறுக்குள், சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மறுபடி இவர் கேட்டார், மறுபடி அது சொன்னது. நாலு மாதமாக நான் பாதிப் பாட்டைக் கேட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவ்வளவு அழகாக இருந்ததே என்று சந்தோஷமும் வந்துவிட்டது.

அப்போது கரண்ட் போனது. ஸ்பீக்கர் செத்துப்போய், கிடார் சத்தம் கொசு மாதிரி ஆகிவிட்டது. டபுள் பாஸுக்குக் கரண்ட் வேண்டாம். அது நினைத்தால் அந்தக் கூடத்தையே விழுங்கியிருக்கும். அவரோ விரல் நுனியால் மட்டும் தொட்டு, கிடாரின் குரலுக்கும் கீழே தன் குரலை இறக்கிக்கொண்டார். 'சத்தம் போடுகிறவர்' என்று நான் அடிக்கோடிட்ட ஆள்.

அப்படியும் ஐந்தாவது வரிசைக்குக் கிடார் எட்டவில்லை. மூன்றாவது இடைவெளி வந்தது. எங்கள் வீட்டில் கேட்கிற அதே மௌனம். அந்த மௌனத்தில், எனக்கு வலது பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது. வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, முதல் இரண்டு பதிலிலும் வராத புதுப் பதில் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது, விளக்கு வந்தது. அந்தம்மா சிரித்துக்கொண்டே மூன்றாவது பதிலை மறுபடி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். வீட்டுக்காரர் பாடியதேதான்.

கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்னாலேயே இவருக்கு எப்படி விடை தெரியும்? மிச்சக் கச்சேரியில் நான் மேடையைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரின் விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு இடைவெளியிலும் அவை தொடையில் துள்ளின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனிதர்.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டேன். "எத்தனை நாளா?"

மறுக்கவில்லை. "நீ நோட்டுல எழுத ஆரம்பிச்ச வாரம். சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கப்பான்னு சொல்லத்தான் மேல போனேன். கிடார் வாசிக்கற அம்மா ஹென்னூர்ல இருக்காங்க, தினம் வர முடியாது. அவங்க பாகத்தை ரெக்கார்டு பண்ணி அனுப்பிடுவாங்க. இவர் அதைக் காதுல மாட்டிக்கிட்டு தன் பாகத்தை வாசிப்பார். இயர்போன்ல ஒரு பக்கத்தை எனக்கும் குடுத்தார்."

"அப்புறம்?"

"அப்புறம் நாலு மாசம்."

"பாஸ் அனுப்பச் சொன்னதும் நீங்கதானா?"

"ஆமா. லெட்டரைப் பாத்தேன். ஒரு தடவை நீ முழுசாக் கேட்டாப் போதும்னு தோணிச்சு."

"என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ நோட்டை எடுப்பே" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கொள் என்பது போலச் சொன்னார். என்னிடம் பொய் சொல்கிற மனிதரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான், அவரைப் பொய் சொல்ல வைத்தது யார் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் லெட்டரைக் கிழித்துவிட்டதாகச் சொன்னேன். பொருளாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன் மேடம், ஏதாவது குடுத்தாரா?"

"கச்சேரிக்குப் பாஸ் குடுத்தார். போனேன். நல்லா இருந்தது" என்றேன். அவர் முகத்தில் தெரிந்த சந்தேகம் எனக்கு ரொம்பப் பழக்கமானது.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு வீட்டுக்காரர் வழக்கம்போல் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டினார்.

"ஒரு மாடி ஏறறதுக்கு ஷூ எதுக்கு? செருப்பு போதும்" என்றேன்.

அவர் லேஸை அவிழ்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஏழு மணிக்குத் தட்டுகள் அதிர்ந்தன. பழக்க தோஷம், விரல் மேஜையில் எண்ண ஆரம்பித்தது. பதினாறு முடிந்தது. சத்தம் நின்றது. அந்த இடைவெளியில், மேல்வீட்டு ஜன்னல் வழியாக, என் வீட்டுக்காரர் வாய்விட்டுப் பாடுவது கேட்டது. சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது. கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷத்தில் அவர் வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை. நாலு மாதமாக, கீழே நான் இருக்கிறேன் என்று, அவர் ஒவ்வொரு பதினாறுக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த மௌனத்தைத்தான் நான் தேதி போட்டு எழுதிவைத்திருந்தேன்.