கோழித் தலை யார் பக்கம்

சுடலைமுத்துவை ஓசூரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஆள் என்று தெரிந்த நாள் முதல் கம்பெனி முழுக்க அவர் அண்ணாச்சி. மளிகைக் கடையில் ஒரு நாள்கூட நின்றதில்லை, இருந்தாலும் அண்ணாச்சிதான். மீசை சரியாக அரும்பாத வயதில் ஒரு பையோடு வந்து இறங்கி, பைக் முகப்பு விளக்குக்குப் பிளாஸ்டிக் கூடு வார்க்கும் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். மெஷின் சூட்டில் வெந்து வெந்து லைன் லீடர் ஆனார். அதற்குமேல் ஒரு படிகூட ஏறவில்லை. ஏற வேண்டிய நேரம் வரும்போதெல்லாம், "அவன் புள்ளகுட்டிக்காரன், பாவம்" என்று இன்னொருவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்.

இது பிறவிக் குணம் என்று அவர் மனைவி பவளம் சொல்வாள். குணமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டில் அப்படிப் பழக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். குலசாமி கோயில் கொடை விழாவில் கிடா வெட்டினால் தலை மூத்தவனுக்கு. அண்ணன் துண்டை விரித்துத் தலையை வாங்கிக்கொண்டு நடந்தால் கூட்டம் ஒதுங்கி வழிவிடும். சுடலைமுத்து பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். சின்ன வயதில் ஒரு முறை ஆசையை அடக்க முடியாமல் கையை நீட்டிவிட்டார். "நீ எதுக்குல முந்துத?" என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் அந்தக் கையைத் தட்டிவிட்டார். இப்போது தலை பாதிக்குமேல் நரைத்துவிட்டது. இன்னமும் அந்த அடி அவருக்கு வலிக்கிறது.

கம்பெனியைத் தைவான்காரர்கள் வாங்கியதிலிருந்து ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பழைய லைன் லீடர்கள் இரண்டே பேர்தான் மிச்சம். ஒருவர் அண்ணாச்சி, இன்னொருவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து முனிவேல். இருவரில் ஒருவரை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கப் போகிறார்கள். மற்றவரின் லைனில் ஆளுக்குப் பதில் இயந்திரக் கை நிற்கப் போகிறது. ஐம்பதை நெருங்கும் ஆளை அதற்குப் பிறகு சிப்காட்டில் எந்த கேட்டில் உள்ளே விடுவான்? அண்ணாச்சிக்கு ராத்திரித் தூக்கம் போய்ப் பல வாரம் ஆகியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் விருந்துக்கு அழைப்பு வந்தது. தைவான்காரர்களின் வருஷம் முடிகிறதாம், சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடாம். மற்ற வருஷங்களில் ஆபீஸ் ஆட்களை மட்டும் கூட்டிப்போவார்கள். இந்த முறை லைன் லீடர்களும் வரவேண்டும் என்று ஹெச்.ஆரில் இருக்கும் கவிப்ரியா வந்து சொன்னாள். பெங்களூரில் சீன மொழி படித்தவள். பிளான்ட் மேனேஜர் லின் சார் பேசுவதைத் தமிழாக்கிச் சொல்வதும் அவள் வேலைதான். பவளம் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்து, "இந்தத் தடவயாவது பின்னால நிக்காதிய" என்று சொல்லி அனுப்பினாள்.

பாகலூர் ரோட்டில் டயர் கடைக்கு மாடியில் இருந்தது விருந்து நடந்த பிஸ்ட்ரோ, தைவான் சாப்பாட்டுக் கடை. சிவப்புக் காகித விளக்குகள், மர பெஞ்சுகள், சுவரில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. தைபே தெருக்களில் தள்ளுவண்டியில் விற்கிற தின்பண்டங்களை இங்கே ஏசி போட்டுத் தருகிறார்கள் என்று கவிப்ரியா சொன்னாள். உள்ளே நுழைந்ததும் ஒரு வாடை முகத்தில் அடித்தது. முனிவேல் மூக்கைப் பொத்திக்கொண்டான். புளிக்க வைத்த சோயாக்கட்டியைப் பொரிக்கிறார்களாம். கருவாட்டு ஊரில் பிறந்த அண்ணாச்சிக்கு அதெல்லாம் ஒரு வாடையா? முதல் துண்டை அவர்தான் எடுத்து வாயில் போட்டார்.

அடுத்து, பொரித்த கோழித் துண்டுகளின் மேல் மொறுமொறுவென்று ஒரு இலை வந்தது. அண்ணாச்சி கசக்கி மோந்து பார்த்து, "நம்ம திருநீத்துப் பச்சை மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தார். பிறகு வெங்காயத்தாள் போட்ட பரோட்டா மாதிரி ஒன்று, ஆவியில் வெந்த பன்னுக்குள் பன்றிக்கறி. கூடவே உயரமான கிளாஸில் டீ.

"இன்னா அண்ணாச்சி இது, டீயில ஜவ்வரிசி போட்டு வச்சிகிறான்?" என்றான் முனிவேல். "குடிக்கிறதா, மெல்றதா?"

"ரெண்டும் பண்ணு. கம்பெனி காசு."

மேசையே சிரித்தது. லின் சாரும் சிரித்தார். அண்ணாச்சிக்கு நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

அப்போதுதான் முழுக்கோழி வந்தது. தலை, கொண்டையோடு அப்படியே வேகவைத்து, நீளத் தட்டில் கிடத்தியிருந்தார்கள். கொண்டுவந்தவள் அஞ்செட்டிப் பக்கத்துப் பெண், வேலைக்குப் புதுசு. தட்டை எந்தப் பக்கமாக வைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். நரைத்த தலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "பெரியவரு பக்கமா வெக்கறேங்க" என்று மரியாதையாகச் சொல்லி, கோழித் தலை அண்ணாச்சியை நேராகப் பார்க்கும்படி வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணாச்சிக்கு உடம்பு சிலிர்த்தது. தலை எனக்கா?

எதிரில் இருந்த லின் சார் சட்டென்று எழுந்து தட்டைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பப் போனார். அந்தக் கையைப் பார்த்ததும் அண்ணாச்சிக்குப் பெரியப்பாவின் கை ஞாபகம் வந்தது. பிடுங்கப் பார்க்கிறார்கள், கடைசி நிமிஷத்தில் மறுபடியும் பிடுங்கப் பார்க்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முந்திக்கொண்டார். இரண்டு கையாலும் தலையைத் திருகி எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார்.

லின் சார் நின்றது நின்றபடி நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, கவிப்ரியாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"சார் என்னம்மா சொல்லுதாரு?"

"நல்லா சாப்பிடச் சொல்றார் அண்ணாச்சி" என்றாள் கவிப்ரியா. அவள் நிமிரவே இல்லை.

அண்ணாச்சி நன்றாகத்தான் சாப்பிட்டார். கொண்டையை மென்றார், எலும்பை உறிஞ்சினார். முனிவேல் கையில் எடுத்ததைத் தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பொறாமை என்று நினைத்து அண்ணாச்சி அவனுக்காக உள்ளுக்குள் வருத்தப்படவும் செய்தார், இவன் லைனைத்தானே மூடப் போகிறார்கள், பாவம் என்று. கிளம்பும்போது லின் சார் தன் கையால் மிச்சக் கோழியைப் பொட்டலம் கட்டவைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு இடுப்பை வளைத்து வணங்கினார். அவ்வளவு பெரிய மனுஷன் தனக்கு முன்னால் குனிந்ததைப் பார்த்து அண்ணாச்சி பதறிப்போய்த் தானும் குனிந்தார்.

படியிறங்கி வந்தால் டயர் கடை வாசலில் கவிப்ரியா நின்றுகொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை திடீர்னு தெரிஞ்சா தாங்க மாட்டீங்க. அதான் சொல்றேன். அவங்க ஊர்ல இந்த விருந்துல கோழித் தலை யாரைப் பாக்குதோ, அவங்களுக்கு வேலை போயிடுச்சுன்னு அர்த்தம். பழைய வழக்கம். இப்ப யாரும் அப்படிச் செய்றதில்ல. சார் வருஷா வருஷம் தன் பக்கம் திருப்பிவச்சு, 'என்னையே அனுப்புறேன்'னு விளையாட்டாச் சொல்வார். இன்னிக்கும் அதுக்குத்தான் எழுந்தார்."

அண்ணாச்சி பொட்டலத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்போ இதுவும் வெளாட்டுதானம்மா? அந்தப் புள்ள தெரியாமதான வச்சா?"

"அவ தெரியாமத்தான் வச்சா." கவிப்ரியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா உங்க லைன்தான் அண்ணாச்சி. போன வாரமே முடிவாயிடுச்சு. விருந்தன்னிக்கு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தார்."

பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அண்ணாச்சிக்கு அவள்மேலும் கோபம் வரவில்லை, லின் சார்மேலும் வரவில்லை. தலையை வாங்கித் தின்றுவிட்டு நன்றி சொன்னோமே என்ற வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. "நீ வருத்தப்படாதம்மா, வீட்டுக்குப் போ" என்று அவளை ஆட்டோ ஏற்றிவிட்டார். வழியெல்லாம் பொட்டலம் கையில் வெதுவெதுப்பாகவே இருந்தது.

வீட்டில் பவளம் வாசலிலேயே நின்றாள். பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள்.

"முழுக்கோழியால்லா வச்சிருக்காவ! தலையக் காணோம். தலை யாருக்குப் போச்சு?"

சொல்லிவிடவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குத்தான்" என்றார்.

"நெசமாவா? முனிவேலு அண்ணன் இருக்கையில உங்களுக்கா?" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியளா, சாமி கண்ணத் தொறந்துட்டு. இன்சார்ஜ் வேலை உங்களுக்குத்தான்." அவர் தடுப்பதற்குள் போனை எடுத்து ஊருக்கு அடித்துவிட்டாள். "பெரியத்தான், உங்க தம்பிக்குத் தலைய நீட்டி மரியாத பண்ணிருக்காவ! இந்தாங்க, பேசுங்க."

அண்ணன் குரல் தளர்ந்திருந்தது. "ஏலே முத்து, கேக்கவே சந்தோசமா இருக்குல. அவனுவளுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே. பங்குனிக் கொடைக்கு வந்துரு. எனக்கு முட்டுவலி, நிக்க முடியல. இந்தத் தடவ கெடாத்தலைய நீ வாங்கு. நீதான் வாங்கணும்."

எத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை. அண்ணாச்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கேக்குதா? வருசா வருசம் லீவு இல்லன்னே சொல்லுத. இந்தத் தடவயாவது லீவு கெடைக்குமால?"

பவளம் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள். "கெடைக்கும்னு சொல்லுங்க. எத்தன நாளு வேணும்னாலும் கெடைக்கும்னு சொல்லுங்க."

"கெடைக்கும்ணே" என்றார் சுடலைமுத்து. "எத்தன நாளு வேணும்னாலும் கெடைக்கும்."