எத்தனை குச்சி, சித்தப்பா?

சைக்காலஜி படிக்கப் போகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் ஒருத்தரும் என்னிடம் ஒழுங்காகப் பேசவில்லை. "நான் இப்ப மனசுல இன்னா நெனச்சிகினு கீறேன், சொல்லு பாப்போம்" என்று வழிமறிப்பார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், "அப்ப இன்னாத்த படிக்கிற?" என்று சலித்துக்கொண்டு போய்விடுவார்கள். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் தன் மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தி, "இதுக்குப் பைத்தியம் எத்தினி பர்சென்ட் கீதுன்னு மட்டும் சொல்லு, போதும்" என்றாள். மாமியார் சளைக்கவில்லை. "மொதல்ல அவளுக்குப் பாரு" என்றார். இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி அனுப்பியதுதான் நான் செய்த முதல் கவுன்சலிங்.

உண்மையில் முதல் வருஷத்தில் பைத்தியமே கிடையாது. அது மூன்றாம் வருஷம்தான் வரும். முதல் வருஷம் வெறும் ஜெனரல் சைக்காலஜி. கண் எப்படிப் பார்க்கிறது, ஞாபகம் ஏன் மறக்கிறது, ஆசை எங்கிருந்து வருகிறது, இப்படி. ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும் என்று மேடம் பாடம் நடத்தியபோது வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. நான் திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். தெற்கே காசிமேட்டு மீன், மேற்கே மணலிப் புகை. மேடமும் என்னைப் பார்த்தே மீதிப் பாடத்தை நடத்தினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே அந்தப் பாடத்தை வரி விடாமல் படித்தேன்.

படித்தே ஆகவேண்டிய கட்டாயமும் இருந்தது. இந்தப் படிப்பு வேண்டாம் என்று வீட்டில் நடந்த சண்டை அம்மா போட்ட ஒரு நிபந்தனையில்தான் முடிந்தது. ஒரே ஒரு அரியர் விழுந்தாலும் படிப்பு நின்றுவிடும், மறுநாளே மாமாவின் ஐஸ் ஃபேக்டரி ஆபீசில் போய் உட்கார வேண்டும். அப்பா தலையாட்டினார். மாமா எனக்காக ஒரு நாற்காலியையே காலி செய்து வைத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்.

இவ்வளவு கறாராக இருந்தவர்கள் நான் எப்படிப் பரீட்சை எழுதினேன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்னோடு படிக்கும் பெண்களுக்கு ஹாலை விட்டு வெளியே வரும்போதே வீட்டிலிருந்து போன் வந்துவிடும். "எவ்வளவு வரும்? எண்பது வருமா?" என்று கேட்டு உயிரை எடுப்பார்கள். அந்தப் பெண்கள் அலுத்துக்கொள்வார்கள், எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்கள் வீட்டில் பிளஸ் டூ பரீட்சைக்குக்கூட யாரும் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று வேறெங்கோ பார்ப்பாள். திரும்பி வந்தால் "சாப்டியா?" என்பாள். நான் படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன இவர்களுக்கு என்று எனக்குள் ஒரு மனத்தாங்கல் ரொம்ப நாளாக உண்டு.

இரண்டாவது செமஸ்டரில் பிராக்டிகல் பரீட்சை வந்தது. ஒவ்வொருத்தரும் வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவர வேண்டும், அந்த ஆளை வைத்து ஒரு சோதனை செய்து காட்ட வேண்டும். ஆள் வராவிட்டால் அரியர். நான் தெருத் தெருவாகக் கேட்டேன். "போனா பைத்தியம்னு எழுதிக் குடுத்துடுவாங்களாமே" என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா மறுபடியும் மாமியாரைத்தான் அனுப்பப் பார்த்தாள்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. அப்பா வலை பின்னப் போய்விடுவார். அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து சேனல் மாற்றி மாற்றி ரிமோட்டையே தேய்த்துவிட்டிருந்தார். "நான் வர்றேன். பைத்தியம்னு எழுதிக் குடுத்தா குடுத்துட்டுப் போவட்டும், உங்க சித்திதான் டெய்லி சொல்லிகினு கீதே" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி ஏன் வரவில்லை என்றால், சித்தப்பாவின் வாய் அப்படி. அவர் பிடித்த வஞ்சிரம் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு முழம் வளரும். அவர் இழுத்த திருக்கை மீனின் வாலைச் சுருட்டி வைக்க எங்கள் தெரு போதாது.

எனக்கு விழுந்த சோதனையின் பெயர் லெவல் ஆஃப் ஆஸ்பிரேஷன். தன்னால் எவ்வளவு முடியும் என்று ஒருத்தர் எதிர்பார்க்கிறார் என்பதை அளப்பது. ஐம்பது ஓட்டை போட்ட ஒரு பலகை, ஐம்பது குச்சி. ஒரு நிமிஷத்தில் எத்தனை குச்சி சொருகுகிறார் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும் முன்னால், "இந்தத் தடவை எத்தனை?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சொன்னதையும் சொருகியதையும் கழித்துப் பார்த்தால் ஆளின் மனசு தெரிந்துவிடும் என்பது கையேட்டின் நம்பிக்கை. சித்தப்பாவைப் போன்ற ஆள் நூறு என்பார், இருபது சொருகுவார், அளவுக்கு மீறிய ஆசை என்று எழுதிவிட்டுப் போய்விடலாம் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

ஒத்திகைக்காக வீட்டிலேயே பழைய தெர்மக்கோல் துண்டில் ஓட்டை போட்டு, ஐஸ் குச்சிகளை வைத்து உட்காரவைத்தேன். "மொதல் நிமிஷம். எத்தினி சொருகுவ சித்தப்பா?"

அவர் முகம் மாறிவிட்டது. "இன்னா கேள்வி இது?"

"எத்தினி வரும்னு ஒரு நம்பர் சொல்லு, அவ்ளோதான்."

"கைய வெக்கறதுக்கு மின்னாடியே எவ்ளோ வரும்னு கேக்குறியே, உனக்கே நல்லா கீதா?"

"இது தொழில் இல்ல சித்தப்பா. குச்சி."

"குச்சின்னா இன்னா, நான்தானே போறேன்?"

அடுப்படியிலிருந்து அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "அத்தப் போய் ஏன் கேக்குற? விடேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவரிடம் எவ்வளவு வரும், எப்போது வருவீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் கடலுக்குக் கேட்டுவிடும், அப்புறம் அது தராது. போகிறவரும் போய்வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல்தான் போவார். சித்தப்பாவின் பெருமையெல்லாம் கரைக்கு வந்து சேர்ந்த மீனைப் பற்றித்தான். வரப்போகும் மீனைப் பற்றி அவர் ஒரு தடவைகூடப் பீற்றிக்கொண்டதில்லை. பதினெட்டு வருஷம் கூடவே இருந்தும் நான் இதைக் கவனிக்கவில்லை. நான்தான் சைக்காலஜி மாணவி.

இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். பிரியாணி வாங்கித் தருகிறேன் என்றேன். பிரியாணியைச் சாப்பிட்டார், நம்பர் வரவில்லை. "போன தபா எத்தினி சொருகின?" என்றால் "முப்பது!" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி சொல்வார். "அப்ப அடுத்த தபா?" என்றால் வாயில் பூட்டு விழுந்துவிடும். ஒரு காகிதத்தில் எழுதி மூடி வை என்றேன். மூடிய காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால் சாமி படம் வரைந்திருந்தார். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். "ஒண்ணும் வராதுன்னு வேணா சொல்றேன். அத்த சொல்லலாம். பாவம் பாத்து கடலு எதுனா குடுக்கும்."

பரீட்சையன்று வெள்ளைச் சட்டை போட்டு, அரை பாட்டில் சென்ட் அடித்துக்கொண்டு மெட்ரோவில் என்னோடு வந்தார். கையில் ஒரு பை. ஏசி லேபுக்குள் நுழைந்த பிறகுதான் அதில் நெத்திலிக் கருவாடு இருப்பது தெரிந்தது. வெறும் கையோடு எப்படி வருவதாம். வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் மேடம் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். எங்கள் மேடம் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஐஸ் ஃபேக்டரி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஆனால் பத்து நிமிஷத்தில் கைக்குட்டை கீழே இறங்கிவிட்டது. முதல் செமஸ்டர் பாடம் சரியாகத்தான் இருந்தது.

சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கேட்டேன். "ஒண்ணும் வராதுங்க" என்றார். சைபர் என்று எழுதினேன். இருபத்தொன்பது சொருகினார். மறுபடி கேட்டேன். "ஒண்ணும் வராதுங்க." முப்பத்து மூன்று. எக்ஸ்டர்னல் மேடத்துக்குச் சந்தேகம் வந்து தானே கேட்டுப் பார்த்தார். "சார், முப்பத்து மூணு போட்டீங்களே, அடுத்தது எவ்வளவு?" சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "கஷ்டம்தான் மேடம்." பத்துத் தடவையும் சைபர். பத்தாவது தடவை நாற்பத்தொன்று. வலை முடிச்சுப் போடும் விரல்கள், குச்சியெல்லாம் அவருக்கு எந்த மூலைக்கு.

அவரை வெளியே அனுப்பிவிட்டு எக்ஸ்டர்னல் மேடம் வைவாக் கேள்விக்கு வந்தார். "சரி, இந்த ஆளைப் பத்தி உன் முடிவு என்னம்மா?"

முடிவை நான் கையேட்டைப் பார்த்து எழுதியே வைத்திருந்தேன். எதிர்பார்ப்பு எப்போதும் செயலைவிடக் குறைவு. ஆகவே தன்னம்பிக்கை இல்லாதவர், தோல்வி பயம் உள்ளவர். வாசிக்க வாயெடுத்தேன். வராந்தாவிலிருந்து சித்தப்பாவின் குரல் அட்டெண்டரிடம் முழங்கிக்கொண்டிருந்தது. "நாப்பத்தொண்ணு, நைனா! ஒரே நிமிஷத்துல! உங்க காலேஜ் கட்டுனதுலேர்ந்து எவனாவது சொருகி கீறானா, கேட்டுச் சொல்லு!"

எக்ஸ்டர்னல் மேடம் கதவைப் பார்த்தார். என் தாளைப் பார்த்தார். "இவருக்கா தன்னம்பிக்கை இல்ல?"

கையேட்டில் உள்ளதைச் சொன்னால் கையேட்டு மார்க்காவது கிடைக்கும். ஆனால் சித்தப்பாவைப் பயந்தாங்கொள்ளி என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. "புக்குல அப்படித்தான் மேடம் இருக்கு. இவருக்கு அது பொருந்தாது" என்று ஆரம்பித்து, கடலுக்குப் போகிறவரிடம் எவ்வளவு வரும் என்று கேட்கக்கூடாதது, அப்பா கிளம்பும்போது அம்மா வாசலில் நிற்பது, கரைக்கு வந்த பிறகே பெருமை பேசுவது எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். அவர் நினைத்ததைச் சொல்லாதவர், நாங்கள் கேட்ட கேள்விதான் தப்பு என்று முடித்தேன். எக்ஸ்டர்னல் மேடத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதையோ எழுதிக்கொண்டே, "சரி, நீ எவ்வளவு மார்க் எதிர்பார்க்கிறே?" என்றார்.

"ஒண்ணும் வராதுங்க மேடம்."

நான் யோசித்துச் சொல்லவில்லை. அதுவாக வந்துவிட்டது. எங்கள் மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். எக்ஸ்டர்னல் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே வீடாம்மா?" என்று கேட்டார்.

திரும்பும்போது மெட்ரோவில் சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டார். அந்த மேடத்துக்கு எந்த ஊர், கருவாடு பிடிக்குமா, லேபில் மூலையில் நிற்கும் எலும்புக்கூடு நிஜமா. மார்க்கைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ரிசல்ட். பிராக்டிகலில் எண்பத்தொன்று, அரியர் எதுவும் இல்லை. போனிலேயே பார்த்துவிட்டுக் கத்தினேன். அதுவரை வாயைத் திறக்காத வீடு அப்படியே வெடித்தது. அம்மா மாமாவுக்குப் போன் போட்டு, "அந்த சேர்ல வேற ஆள உக்கார வெச்சிக்கோ" என்றாள். சித்தப்பா தெருமுனை டீக்கடையில் கணக்கே பிரித்துவிட்டார். "நாப்பத்தொண்ணு என்னுது. மீதி நாப்பது பாப்பாவுது."

அடுத்த செமஸ்டர் முதல் பரீட்சைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா கோலப்பொடி டப்பாவோடு நிமிர்ந்து, "இன்னாமே, இந்த தபா எவ்ளோ வரும்? தொண்ணூறு வருமா?" என்றாள். எத்தனையோ வருஷமாக நான் ஏங்கிய கேள்வி.

சித்தப்பா பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு நுரை தெறிக்க வெளியே ஓடி வந்தார். "யாரது? கெளம்பற புள்ளைய எவ்ளோ வரும்னு கேக்கறது? வாயக் கழுவுமே மொதல்ல!"

அக்கா டப்பாவோடு உள்ளே போய்விட்டாள். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, அப்பா படகுக்குக் கிளம்பும்போது பார்ப்பதுபோலவே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூவிலிருந்து அவள் எனக்காக அப்படித்தான் நின்றிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போய்வருகிறேன் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.