பூச்சி பிடித்த வத்தல்

சின்ன வயதில் வத்தல் என்றால் எனக்கு அப்படி ஒரு பேராசை. கத்தரி வத்தலைப் பொரித்துப் போட்டால் சோற்றை ஒதுக்கிவிட்டு அதை மட்டும் தின்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு நான் செய்த காரியத்தை அப்பா புத்திசாலித்தனம் என்று எடுத்துக்கொண்டார். புத்தியாவது ஒன்றாவது, வெறும் நாக்கு.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். தை அறுவடைக்கு முன்பே அம்மா கொல்லையில் பாத்தி கட்டிக் கத்தரியும் கொத்தவரையும் போட்டுவிடுவாள். பங்குனியில் காய்த்துத் தள்ளும். தின்று மாளாததை நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, பாயில் பரப்பிச் சருகாகக் காயவைப்பாள். பானைகளில் போட்டு வாயைத் துணியால் கட்டினால் ஐப்பசி மழை வரைக்கும் கவலையில்லை.

பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவதும் காய் பறிப்பதும் அஞ்சலை. எங்கள் வயலில் நடவும் அறுப்பும் அவள்தான். அம்மா வயதுதான் இருக்கும், ஆனாலும் நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஊர் வழக்கம் அப்படி. பச்சைக் காயை அவள் தொடலாம். அதே காய் உப்புத் தண்ணீரில் வெந்துவிட்டால் தொடக்கூடாது. தள்ளி உட்கார்ந்து காக்காய் ஓட்டலாம். வத்தலில் பூச்சி பிடித்துவிட்டால் மட்டும் எந்தத் தீட்டும் கிடையாது. அம்மா அந்தப் பானையைக் கொல்லை வேலியோரம் கொண்டுபோய் வைப்பாள். அஞ்சலை எடுத்துப்போய்ப் புடைத்து, இன்னொரு வெயில் காட்டிக் குழம்பு வைப்பாள்.

அந்த வருஷம் தை அறுவடையில் கூலி நெல் ஒரு படி கூடக் கேட்டு அஞ்சலை தெரு ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி, போலீஸ் காவலோடு அறுத்து முடித்தார்கள். அதற்குப் பிறகு கூட்டம் போட்டு ஒரு முடிவெடுத்தார்கள். அஞ்சலை தெருவில் யாருக்கும் வேலை இல்லை, கடன் இல்லை, ஒரு பிடி அரிசி கூடக் கொடுக்கக்கூடாது. மீறுகிறவன் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வராது. அப்பா கட்சிக் கரை வேட்டி கட்டுகிறவர். சமத்துவத்தைப் பற்றி எங்கே கூட்டம் நடந்தாலும் சைக்கிள் மிதித்துப் போய்க் கடைசிவரை கேட்டுவிட்டு வருவார். இந்தக் கூட்டத்துக்கும் போனார், கையெழுத்தும் போட்டார். எங்களுக்கு இருந்தது ஒரு வேலி நிலம்தான், ஆறேழு ஏக்கர், அதுவும் வாய்க்கால் தண்ணீரை நம்பி.

ஆக, அந்தப் பங்குனியில் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியது அம்மா. காக்காய் ஓட்டியது நான். வெயிலில் மண்டை காய உட்கார்ந்து காத்த வத்தல் என்பதால் எனக்கு அதில் தனி உரிமை இருந்தது. வைகாசியில் அம்மா ஒரு பானையைத் திறந்து பார்த்து, “பூச்சி புடிச்சுப்போச்சு” என்று வேலியோரம் வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலைந்து நாளில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. எந்த வருஷமும் இல்லாமல் எங்கள் வீட்டு வத்தலுக்கு மட்டும் அப்படி என்ன கேடு வந்தது என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நான்காவது பானையை அம்மா வைத்துவிட்டு உள்ளே போனதும் நான் போய்த் துணியை அவிழ்த்துப் பார்த்தேன். மேலே கிடந்த வத்தலை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒரு பூச்சி இல்லை, ஒரு ஓட்டை இல்லை. பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். வத்தல் பானை அவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, இதுல பூச்சியே இல்லப்பா! அம்மா சரியாப் பாக்காம வெளியில வச்சுட்டாங்க.”

அப்பா சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளப் பானைக்குள் இடது கையை விட்டார். வெளியே வந்த கையில் அரிசி இருந்தது. வத்தலுக்கு அடியில் பாதிப் பானை அரிசி.

சாதம் போட வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

“எத்தன நாளா நடக்குது இது?”

“கைக்கொழந்தக்காரிங்க. மார்ல பாலு இல்லங்கிறா.”

“எவனாவது பாத்தா நம்ம வயலுக்குத் தண்ணி விடுவானா? யோசிச்சியா நீ?”

“யோசிச்சேன். அந்தப் புள்ளயையும் யோசிச்சேன்.”

அப்பா சத்தம் போடவில்லை. அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. அரிசியைத் தானே டின்னில் திருப்பிக் கொட்டினார். என் தலையைத் தடவி, “சமத்து” என்றார். அன்றைக்கு அம்மா வத்தல் பொரித்தாள். என் தட்டில் மட்டும் ஒரு குவியல் வைத்தாள். நான் அத்தனையையும் தின்றேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ரொம்ப ருசியாக இருந்தது.

மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் அஞ்சலை நின்றாள். இடுப்பில் குழந்தை. பானை வைக்கும் இடத்தில் அப்பா முள் வெட்டிப் போட்டிருந்தார். நான் பெருமையோடு ஓடினேன்.

“இனிமே பானை வராது அஞ்சல. பூச்சியே இல்ல, உள்ள அரிசி இருந்துச்சு. நான்தான் கண்டுபுடிச்சு அப்பாகிட்ட குடுத்தேன்.”

அவள் வெட்டிப் போட்டிருந்த முள்ளைப் பார்த்தாள். பிறகு, “அய்யா அம்மாவ அடிச்சாங்களா சின்னம்மா?” என்று கேட்டாள்.

“இல்லியே. என்னைச் சமத்துன்னு சொன்னாங்க.”

“அடிக்கலயில்ல. அது போதும்” என்று சொல்லிவிட்டுக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். குழந்தை அழவே இல்லை.

ஆவணியில் பேச்சுவார்த்தை நடந்து, அரைப் படி கூட்டிக் கொடுப்பதாக முடிவாயிற்று. அஞ்சலை வேலைக்கு வந்தாள். கொல்லையில் களை பறித்தவள் தனியாகத்தான் இருந்தாள். “ஒங் கொழந்த எங்க?” என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இழுத்த இழுப்பில் வளையல் ஒன்று உடைந்தது. வளையலுக்காக நான் அழுதேன். அத்தனை சின்னக் குழந்தையை வீட்டில் தனியாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறாளே, இவளெல்லாம் என்ன அம்மா என்று எனக்கு அஞ்சலைமேல் கோபம் கோபமாக வந்தது.